அக்காவைக் கேட்காமல் நான் நிறுத்திய தூண்

கர்த்தருக்குள் அன்பான உறவினர்களுக்கும், அக்காவின் மாணவ மாணவிகளுக்கும், எங்கள் துக்கத்தில் பங்குகொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களுடைய வாழ்க்கையை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் நிறையப் பேர் உண்டு. முறைப்படி அத்தான்தான் எழுதியிருக்க வேண்டும். நான் போய்க் கேட்டபோது அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நீயே எழுது மாப்ள. உங்க அக்காவ அம்புட்டுப் படுத்துனது நீதான? நீ எழுதுனாத்தான் எல்லாம் வரும்" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சடித்துப் பிழைப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மாதங்களை வரிசை மாறாமல் ஒட்டி அனுப்புவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு. அதிலும் ஒரு சீசனில் ஆகஸ்டுக்கு அடுத்து அக்டோபரை வைத்து லோடு ஏற்றிவிட்டவன். இப்படிப்பட்டவன் ஒரு கட்டட எஞ்சினீயரின் வாழ்க்கையை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுத்துப் பழகியவர்கள்தானே நீங்கள்.

அக்கா பிறந்தது காரியாபட்டியில். அப்பா மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர், அம்மா நர்ஸ். அம்மாவுக்கு டியூட்டி என்றால் என்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் போடுவது அக்காவின் வேலை. நான் அவர்களுடைய சிலேட்டை நக்கி விடைகளை அழித்துவிடுவேனாம். அக்காவின் கணக்கில் நான் கை வைத்தது அன்றே தொடங்கியிருக்கிறது.

எஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அந்த வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். சொந்தத்தில் ஒரு பெரியப்பா வீட்டுக்கே வந்து, "பொம்பளப் பிள்ள கட்டடம் கட்டப் போறாளாக்கும்? எதுக்கு, சாந்துச் சட்டி தூக்கவா?" என்று கேட்டார். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. மறுநாள் அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

படித்து முடித்து விருதுநகர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியையாகச் சேர்ந்தார்கள். ஓய்வு பெறும்வரை ஒரே பாடம்: ஒரு கட்டடத்தின் மேல் பாரம் வந்தால் அந்தப் பாரம் எந்த உத்திரத்தில், எந்தத் தூணில், எவ்வளவு போய் உட்காருகிறது என்று கண்டுபிடிக்கும் பாடம். அதை மனிதர்கள் எப்படியெல்லாம் கண்டுபிடித்தார்கள் என்கிற சரித்திரத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் சொல்வார்கள். ஓடிப்போக முடியாதபடி குழம்பு ஊற்றிய பிறகு ஆரம்பிப்பார்கள்.

பல நூறு வருஷங்களுக்கு முன்னால் இத்தாலியில் ஒரு பெரிய அறிஞர் சுவரில் செருகிய ஒரு கட்டை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டாராம். வானத்து நட்சத்திரங்களைச் சரியாகப் பார்த்தவர், கண் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கட்டையைத் தப்பாகப் பார்த்துவிட்டார். அது உண்மையில் தாங்குவதைப் போல மூன்று மடங்கு தாங்கும் என்று எழுதிவைத்தார். "அம்புட்டுப் பெரிய ஆளே தப்பாப் போட்டிருக்காகலே" என்று சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு ஆறுதல் தெரியும். அந்த ஆறுதலுக்குக் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகு ரயில் பாலங்கள் வந்தன. அவற்றுக்குக் கணக்குப் போடப் போட முறைகள் வளர்ந்தன. அப்புறம் சிமெண்டும் கம்பியும் சேர்ந்து தூணும் உத்திரமும் ஒரே உடம்பாக வார்க்கப்பட்டபோது சிக்கல் பெரிதாகிவிட்டது. ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும். மாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஒரு கூட்டம் சமன்பாடுகளை ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆட்கள் தாள் தாளாகப் போட்டு மாய்ந்தார்களாம். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். திருப்புத்திறன் பகிர்வு முறை என்று அக்கா தமிழில் சொல்வார்கள். தூணும் உத்திரமும் கூடும் ஒவ்வொரு சந்தியையும் முதலில் அசையாமல் பிடித்துவைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக விட வேண்டும். விட்ட இடத்தில் வந்த சுமையை அங்கே கூடியிருப்பவை தங்கள் விறைப்புக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளும். ஆளுக்கு வந்த பங்கில் பாதி எதிர்முனைக்குப் போகும். அங்கே விட்டால் அது திரும்பவும் பிரியும், அதிலும் பாதி இங்கே வரும். சுற்றச் சுற்றக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும்.

"நம்ம சொந்தக்காரங்க சண்ட மாதிரி" என்றேன் நான். "ஒரு வீட்டுல தீத்துவச்சா பாதி அடுத்த வீட்டுக்குப் போயிருது. அங்க தீத்தா பாதி இங்க வருது."

"அதேதாம்லே. அதுலயும் விறைச்சுக்கிட்டு நிக்கிறவன் தலையிலதான் பெரும்பங்கு விழும்" என்றார்கள் அக்கா. மறுநாள் வகுப்பில் என் உதாரணத்தையே சொன்னார்களாம். பாடத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு அது.

இதற்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரர் இதையே இன்னும் சுருக்கினார். ஆகாய விமானம் கட்டுகிறவர்கள் எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கித் தீர்க்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கட்டங்களை அதன் வாயில் போட்டால் விடை வெளியே விழுந்தது. அக்காவின் ஒரு வாழ்க்கைக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டன. ஸ்லைடு ரூல் என்கிற நகரும் மரக்கோலை வைத்துக் கணக்குப் போட்ட கையாலேயே கடைசியில் மவுஸையும் பிடித்தார்கள்.

இனி, சாத்தூர் பக்கத்தில் இருக்கும் நம் சபைப் பள்ளிக்கூடத்தின் ஹாலுக்கு வருகிறேன். இந்தக் கதை பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அந்த ஹால்தான் அக்கா தம் கையால் கணக்குப் போட்ட முதல் கட்டடம். கீழே நடுவில் தூணே இல்லாத அகலமான ஹால், மேலே வகுப்பறைகள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மூன்று பெரிய உத்திரங்கள். அமெரிக்கப் பேராசிரியரின் முறையில் சுற்றுச் சுற்றாகப் போட்டு வரைபடம் கொடுத்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது காண்டிராக்டர் வந்து, தூண்கள் சுவரைவிட்டுத் துருத்திக்கொண்டிருக்கின்றன, கொஞ்சம் ஒல்லியாக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தூணின் அளவு மாறினால் விறைப்பு மாறும், பங்கு மாறும், எல்லாவற்றையும் முதலிலிருந்து கையால் போட வேண்டும். அப்போது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சபையில் ஓலை வாசித்து அறிவித்துக்கொண்டிருந்த நேரம். "பரவாயில்ல, பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

ஹால் எழும்பியது. ஆண்டு விழாக்கள் நடந்தன. பிள்ளைகள் மேலே ஓடினார்கள், கீழே பாடினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு எஞ்சினீயர்கள் எல்லோரும் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்த காலம். அக்கா ஓய்வுபெற்றிருந்தார்கள். அவர்களுடைய மாணவி பாத்திமா மதுரையில் கட்டட வடிவமைப்பு ஆபீஸ் வைத்திருந்தார். சிவகாசியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அக்கா மதுரைக்குப் போய்ப் பாத்திமாவிடம் அந்தக் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டார்கள். கற்றதும் முதலில் போட்டுப் பார்த்தது இந்த ஹாலைத்தான், ஒல்லித் தூண்களோடு. கையால் போட்டால் நாள்கணக்கில் ஆகும் விடை, சொடக்குப் போடும் நேரத்தில் வந்துவிட்டது.

அன்று நேராக என் பிரஸ்ஸுக்கு வந்தார்கள்.

"ஏலே, அந்த ஹால் பீம்ல கீழ்க்கம்பி பத்தாதுலே."

"முப்பது வருசமா நிக்குதேக்கா?"

"நிக்கிறதுனால கணக்கு சரின்னு ஆயிருமா? தூணு இறுக்கிப் பிடிச்சுக்கிடும்னு நெனச்சேன். அந்த ஒல்லித் தூணுக்கு அம்புட்டுப் பிடி கெடையாது. பாரம் பூராவும் பீமோட நடுவுல வந்து உக்காந்திருக்கு, நடு பீம்லதான் ரொம்ப. முழுசா நெறஞ்ச பாரம் இன்னும் வரல. அம்புட்டுத்தான்."

"யாரும் ஒங்களக் கேக்கலயே. நீங்களாப் போய்ச் சொல்லப் போறீகளா?"

"கேட்டாச் சொல்றதுக்கு இது என்ன என் வயசாலே?"

பள்ளிக்கூடக் கமிட்டியில் நானும் ஒரு உறுப்பினன். அக்கா கமிட்டி முன்னால் நின்று, தப்பு என்னுடையது, அன்று மறுபடி போட்டுப் பார்க்கச் சோம்பல் பட்டுவிட்டேன் என்று சொன்னபோது நான் நாற்காலியில் நெளிந்தேன். எங்கள் சபை மூப்பர் ஒருவர், "டீச்சரம்மா, முப்பது வருசம் கழிச்சு விடைத்தாளத் திருத்திக் கொண்டாந்திருக்கீக. மார்க்கு கொறையுதா, கூடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிதாகச் சிரித்தது நான்தான். அக்கா, "பெயிலுய்யா" என்றார்கள். சிரிப்பு நின்றது. மேல்மாடி வகுப்புகளை ஷெட்டுக்கு மாற்றக் கமிட்டியார் சம்மதித்தார்கள். பழுது பார்ப்பதைக் கோடை விடுமுறைக்குப் பார்க்கலாம் என்றார்கள்.

இதற்கிடையில் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் மகளிடம் கேட்ட முதல் கேள்வி ஹாலைப் பற்றித்தான். என் மருமகளான அந்த மகள் ஒரு நர்ஸ். அவள் என்னிடம், "மாமா, அம்மா இத நெனச்சு நெனச்சே பிரஷர் ஏத்திக்கிறாக. எதாவது செய்ங்க" என்றாள். எதாவது செய்யச் சொன்னாள், பாவம். எதையாவது செய்துவிட்டேன்.

செல்லையா கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். நடு உத்திரத்தை இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"நடுவுல ஒரு தூணு குடுத்துட்டா ரெண்டு பாதியாயிரும்ல சார்" என்றார் அவர்.

"பாதி பீமு, பாதிப் பாரம்" என்றேன் நான்.

"கரெக்டு சார்."

இரண்டு எஞ்சினீயர்களும் ஒரு டீயைக் குடித்து ஒப்பந்தத்தை முடித்தோம். பாத்திமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன், தோன்றியது. அக்காவுக்குத் தெரிந்துவிட்டால் சர்ப்ரைஸ் போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

தூண் எழும்பியது. உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது, நன்றாக இறுக வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. எங்கள் லோடு லாரியின் ஜாக்கியைக் கொண்டுவந்து உத்திரத்தை முட்டிக்கொடுத்து இரும்புத் தகடுகளைச் செருகினோம். "இன்னும் ஒரு சுத்து போடுங்க கொத்தனாரே" என்றேன். மேலே எங்கேயோ சடக்கென்று ஒரு சத்தம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"செட் ஆயிருச்சு சார்" என்றார் அவர். "செட் ஆயிருச்சு" என்றேன் நானும்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மறுபடி மேலே ஏற்றிவிடலாம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லியும் விட்டேன். அதற்கு முந்திய சனிக்கிழமை அக்கா மதுரையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனார்கள். வீட்டுக்குப் போகுமுன் காரைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினேன். தூணுக்குச் சிவப்பு ரிப்பன் வேறு கட்டிவைத்திருந்தேன்.

அக்கா வாசலில் நின்று பார்த்தார்கள். ரிப்பனைப் பார்த்தார்கள், தூணைப் பார்த்தார்கள், உத்திரத்தைப் பார்த்தார்கள். "மாடிப்படி எங்கனலே?" என்று கேட்டார்கள், தாம் வரைந்த படியையே. அறுத்துத் தைத்த நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு ஏறினார்கள். அத்தான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே ஏறினார்கள். ஆறாம் வகுப்புத் தரையில், தூணுக்கு நேர் மேலே, குறுக்காக ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஐந்து ரூபாய்க் காசு செருகலாம்.

அக்கா பிள்ளைகளின் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தார்கள்.

"ஏலே, ரெண்டு பக்கம் பிடிச்ச பீம் மேல பாரம் வந்தா அது எப்படி வளையும்? சிரிச்ச வாய் மாதிரி. அடிப்பக்கம் இழுபடும். அதுக்குத்தான் கம்பிய அடியில போட்டிருக்கு. நீ நடுவுல முட்டுக்குடுத்துத் தூக்குனா அந்த எடத்துல எப்படி வளையும்?"

நான் கையால் வளைத்துப் பார்த்தேன். அழுத வாய்.

"அப்ப எந்தப் பக்கம் இழுபடும்?"

"மேல."

"மேல என்ன கம்பி இருக்கு? உள்ள கட்டுற கம்பி வளையத்தத் தொங்கவிட ரெண்டு கம்பி இருக்கு. வேற ஒண்ணுமில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார்கள். "பிள்ளைகளத் திங்கக்கெழம ஏத்துறதாச் சொல்லியிருந்தியாமே."

"ஒங்களுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்னு…"

"கேட்டிருக்கக் கூடாதாலே?"

அந்தப் பெஞ்சிலிருந்து எழும்போது என் தோளைத்தான் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றே ஹாலைப் பூட்டினார்கள். கோடையில் ஆற அமரச் செய்ய வேண்டிய வேலை, என்னால் உடனே செய்ய வேண்டியதாயிற்று. பாத்திமா கம்ப்யூட்டரில் போட்டார். அக்கா அதே கணக்கைக் கட்டிலில் சாய்ந்தபடி கையால் போட்டார்கள், மிச்சம் என்று ஒன்றும் இல்லாமல் போகும்வரை. இரண்டு விடையும் ஒத்துப்போன பிறகுதான் கம்பிக்காரருக்குச் சொல்லியனுப்பினார்கள். முதலில் என் தூணை இடிக்காமல், உத்திரத்தின் இருபுறமும் தற்காலிக முட்டுகள் கொடுத்து, மறுபடி ஜாக்கி வைத்துத் தகடுகளை உருவி, அதை மெல்ல இறக்கினார்கள். பிறகு தூண் போயிற்று. விரிசலுக்குள் இறுகிப் பிடிக்கும் பசை மருந்து ஏற்றி அடைத்தார்கள். ஒவ்வொரு உத்திரத்தையும் இரண்டு பக்கமும் அணைத்து இரும்பு கர்டர்கள், அவற்றைத் தாங்கச் சுவரோரம் புதிய கால்கள். டாக்டர் படியேறக் கூடாது என்றிருந்தார். அக்கா சாரத்தில் போட்ட ஏணியில் ஏறி ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்தார்கள். பங்குனி வெயில், தகரக் கொட்டகை போலக் காய்ந்த ஹால்.

"எறங்குங்கக்கா, நான் ஏறிப் பாக்கேன். என்ன பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"நீ பண்ணுனது போதும்லே" என்றார்கள் மேலேயிருந்து. ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்கள். நான் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். மணல் மூட்டைக்குப் பதிலாக என் பிரஸ்ஸிலிருந்து காலண்டர் பேப்பர் பண்டல்களைக் கொண்டுவந்து மேல்மாடி முழுக்க அடுக்கினோம். அந்தப் பண்டல்களைத் தூக்கும்போதாவது உருப்படியான ஒன்றைச் செய்கிறேன் என்று இருந்தது. கீழே உத்திரம் எவ்வளவு இறங்குகிறது என்று பாத்திமா கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பண்டல்களை இறக்கினோம். அக்கா எட்ட நாற்காலியில் உட்கார்ந்து பாத்திமாவின் முகத்தையே பார்த்தார்கள்.

"பீம் பழைய எடத்துக்கே திரும்பி வந்துருச்சு டீச்சர்" என்றார் பாத்திமா.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "பாஸா?" என்று மூப்பர் கேட்டார். "பார்டர்ல இல்லய்யா, நல்ல மார்க்கு" என்றார்கள். பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பு மேலே ஏறியது. அன்று அக்கா கீழே ஹாலில், அந்தக் காலடிச் சத்தத்துக்குக் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்த வாரத்தில் மறுபடி நெஞ்சுவலி. இம்முறை நீண்ட நாள் படுக்கவில்லை. அந்த ஏணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகளும் அதையேதான் சொல்கிறாள். அத்தான் என்னிடம் இரண்டு முறை சொன்னார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது. பாதி பீம் பாதிப் பாரம் என்று சொன்னவனுக்கு எதுதான் தெரியும்?

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நானும் அக்காவும் மட்டும் இருந்தபோது கேட்டேவிட்டேன். "நான் அந்தத் தூண வைக்காம இருந்திருந்தா நீங்க ஏணி ஏறியிருக்க மாட்டீகல்ல?"

அக்கா யோசித்தார்கள். எனக்காகப் பொய் சொல்கிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

"ஏறியிருப்பேன்லே" என்றார்கள். "கொஞ்சம் மெதுவா ஏறியிருப்பேன்."

அதற்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆரஞ்சுச் சுளையைக் கேட்டார்கள். உரித்துக் கொடுத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும். தன் வீட்டுப் பெரியவரைப் போல எண்ணி மதுரைக்கும் சாத்தூருக்கும் அலைந்த பாத்திமாவுக்கும் அவர் வீட்டாருக்கும். தூணைக் கட்டியதற்கும் அதையே இடித்ததற்கும் கூலி வேண்டாம் என்று சொன்ன செல்லையா கொத்தனாருக்கும். கேலி பேசினாலும் கர்டர் வாங்க வீடு வீடாகப் போன மூப்பருக்கும். அடக்கத்தன்று பாடிய பள்ளிப் பிள்ளைகளுக்கும். பெயர் விட்டுப்போன எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயரை விட்டது அச்சகத்தார் தவறு. அச்சகத்தார் நானேதான்.

ஓராண்டு நிறைவு ஜெபக்கூட்டத்தைப் பள்ளிக்கூட ஹாலிலேயே வைத்திருக்கிறோம். கூட்டம் கூடினால் மேல்மாடி வகுப்பறைகளிலும் உட்கார வசதி செய்திருக்கிறோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தயங்காமல் மேலே ஏறுங்கள். கீழே நடு உத்திரத்துக்கு நேர் அடியில், நான் ரிப்பன் கட்டிய இடத்தில், ஒரு நாற்காலி கிடக்கும். அதில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம். நீங்கள் மேலே இருந்து எழுந்து போகும்வரை அதில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி
சிவகாசி